லிஃப்டை முந்திய எக்ஸ்பிரஸ்

"எங்க வீட்டு நாய் லிஃப்டை முந்திக்கிட்டு நாலு மாடி ஏறிச்சு. ஏறினது மட்டுமில்ல, மேல போய் லிஃப்டுக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு. நின்னது மட்டுமில்ல, ஏன் இவ்வளவு லேட்டுன்னு லிஃப்டை ஒரு முறை முறைச்சுது."

இதை அறிவிப்பாளர் முதலில் பால்காரரிடம் சொன்னார். பால்காரர் பால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, மிகவும் மரியாதையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு முடிதிருத்தும் கடையில், கன்னத்தில் கத்தி இருக்கும்போதே சொன்னார். "சார், கதையைக் கொஞ்சம் நிறுத்துங்க, காது போயிடப் போகுது" என்றார் கடைக்காரர். மருந்துக்கடைப் பெண் மட்டும் முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எந்த மாத்திரை சார் சாப்பிடறீங்க?" என்று அக்கறையோடு விசாரித்தாள்.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அறிவிப்பாளர் வேலைக்காலம் முழுக்க ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவர். எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் படிக்க வேண்டும். வண்டி தாமதமாக வரும் என்று சொல்லலாமே தவிர, "பாவம், பிள்ளை குட்டியோட நிக்கிறீங்க, போய் ஒரு டீயாவது குடிங்க" என்று சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. அப்படிச் சேர்க்காமல் விட்ட வார்த்தைகளெல்லாம் தொண்டைக்குள்ளேயே மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தன. ஓய்வு பெற்ற மறுநாள் காலை மூட்டை அவிழ்ந்தது. அதன் பிறகு அவர் வாயிலிருந்து சின்ன மழை என்று எதுவும் வந்ததில்லை, வெள்ளம்தான். கொசு கடித்தால் கொசுவின் பல் தடத்தைக் காட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு கதையில் அவர் ஒரு துளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. முறைத்தது மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்த சாட்சியும் ஒருவர் இருந்தார், மச்சான். அவரோ, "அப்படி ஒண்ணும் நடக்கல" என்று ஒரே பிடியாக நின்றார்.

மச்சான் என்றால் அறிவிப்பாளருடைய மனைவியின் தம்பி, அதே நாலாவது மாடியில் எதிர்வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடியிருப்பின் லிஃப்டைப் பொருத்தியதே அவர்தான். இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவும், உள்ளே ஒரு முக்காலியும், மாடி வந்ததும் 'டிங்' என்று ஒரு மணியுமாக அது வயதில் அவரோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத மச்சானுக்குக் குடும்பம் என்றால் அந்த லிஃப்டுதான். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் தன் கன்னத்தில் வாங்கியதுபோல் துடித்துப்போவார்.

நாயின் பெயர் எக்ஸ்பிரஸ். ரயில்வேக்காரர் வீட்டு நாய்க்கு வேறென்ன பெயர் இருக்கும்? தேன் நிறம், தொங்கும் காது, கன்றுக்குட்டி உயரம். குட்டியாக இருந்தபோது வராந்தாவின் ஒரு கோடியில் கூப்பிட்டால், கூப்பிட்ட வாயை மூடுவதற்குள் மடியில் இருக்கும். அப்படிப்பட்ட எக்ஸ்பிரஸ், நடுவயதைத் தாண்டிய ஒரு வருஷத்தில் மெல்ல மெல்ல வேகம் இழந்தது.

மச்சான் விடுவாரா? "அத்தான், உங்க எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சே" என்று ஆரம்பித்தார். அடுத்த மாதம் அது கூட்ஸ் வண்டி ஆனது. அதற்கடுத்த மாதம், "வண்டியை ஷெட்டுல ஏத்தியாச்சா?" என்று கேட்டார்.

உண்மையில் ஷெட்டில்தான் நின்றது. சாப்பாடு குறைந்தது, உடம்பு பெருத்தது. வால் முடி கொட்டிக் கயிறு மாதிரி தொங்கியது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்குமே, அந்த இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு படுத்தது. முகம் வேறு வீங்கித் தொங்கி, வேலை போன செய்தியை இப்போதுதான் கேட்டவனைப் போல ஒரு சோகம். படிக்கட்டைப் பார்த்தாலே உட்கார்ந்துவிடும். லிஃப்ட் வந்தால்தான் மேலே.

"பார்த்தீங்களா, என் லிஃப்ட் இல்லேன்னா உங்க வண்டி பிளாட்பாரத்தோட சரி" என்பார் மச்சான், லிஃப்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி.

ஒருநாள் லிஃப்ட் பழுது. மச்சான் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எக்ஸ்பிரஸ் படியில் கால் வைத்தது. சில படி ஏறியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் அங்கே இல்லை. அறிவிப்பாளர் கூப்பிட்ட குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது. அது மிகையில்லை, தொழில்முறைக் குரல். கொஞ்ச நேரத்தில் எக்ஸ்பிரஸ் எழுந்து, என்னடா இது கூட்டம் என்பதுபோல் பார்த்தது. மச்சான் ஸ்பேனரைக் கீழே போட்டார். அன்றைக்குக் கேலி வரவில்லை. அவர்தான் வண்டியெடுத்துக்கொண்டு வந்தார்.

நாய் டாக்டரம்மா சின்னப் பெண். அளந்து பேசுகிறவர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விலாப் பக்கம் முடியை மழித்து, பசை தடவி, திரையைப் பார்த்துக்கொண்டே ஸ்கேன் கருவியை உருட்டினார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்:

"இவனுக்கு ஹார்ட் ரொம்பப் பெரிசா இருக்கு சார்."

அறிவிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படிச் சொல்லுங்க டாக்டரம்மா! எங்களுக்கு எப்பவோ தெரியும். இவன் தட்டுல பூனை வந்து தின்னா, தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். வாசல்ல சாக்ஸ் விக்க வந்தவரை உள்ள கூட்டிட்டு வந்து என் நாற்காலியில உட்கார வெச்சான். மனசுன்னா மனசு, அப்படி ஒரு மனசு!"

"சார்..."

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா." அதற்குள் போனை எடுத்து, வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த மச்சானைக் கூப்பிட்டுவிட்டார். "மச்சான், கேட்டுக்கங்க! டாக்டரே மெஷின் வெச்சுப் பார்த்துச் சொல்லிட்டாங்க. எக்ஸ்பிரஸுக்குப் பெரிய மனசாம்! உங்களை இந்தக் கட்டில்ல படுக்க வெச்சா மெஷின்ல ஒண்ணுமே தெரியாது!"

டாக்டரம்மா பொறுமையாகக் காத்திருந்தார். போன் பாக்கெட்டுக்குள் போன பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் மனசைச் சொல்லல சார். இதயத்தைச் சொல்றேன். அது தொய்ஞ்சுபோய்ப் பெரிசாயிருக்கு. அடிக்க வேண்டிய வேகத்துல அடிக்கல. ரத்தத்தைத் தள்ளுற பலம் இல்ல. அதான் மயங்கி விழுந்திருக்கான்."

அறிவிப்பாளரின் மனைவி, வீட்டம்மா, நாயின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "பிழைப்பானா?" என்று நேராகவே கேட்டார்.

டாக்டரம்மா வாலைத் தூக்கிப் பார்த்தார். தொங்கும் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். "இந்த வாலும் மூஞ்சியும் வேற ஒண்ணு சொல்லுது. கழுத்துல தைராய்டு சுரப்பி இருக்கில்ல, அது சோம்பிடுச்சுன்னா உடம்பு மொத்தமும் சோம்பிடும். இதயமும் சேர்ந்து சோம்பும். ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

"எனக்கும் அதேதான்" என்றார் வீட்டம்மா. "தினம் காலையில மாத்திரை போட்டாதான் மனுஷியா நடமாடுறேன்."

ரத்தம் வீட்டம்மா கட்சிதான் பேசியது. எக்ஸ்பிரஸின் தைராய்டு ஏறக்குறையக் கடையைச் சாத்திவிட்டிருந்தது. அறிவிப்பாளர் துள்ளிக் குதிக்கத் தயாரானார். டாக்டரம்மா கையைக் காட்டி உட்கார வைத்தார். "இப்பவே குதிக்காதீங்க சார். தைராய்டாலதான் இதயம் கெட்டிருந்தா, மாத்திரை கொடுக்கக் கொடுக்க அது பழையபடி சுருங்கும். இதய நோய் தனியா, தைராய்டு தனியா வந்திருந்தா சுருங்காது. நாள் கணக்குதான். எதுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. இதயத்துக்கும் மாத்திரை தர்றேன். தைராய்டு மாத்திரையைக் கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவோம். அசந்து கிடக்கிற இதயத்தை ஒரேயடியாச் சாட்டையால அடிக்கக் கூடாது. அதுவரைக்கும் படி வேண்டாம், ஓட்டம் வேண்டாம்."

மச்சானுக்குச் செய்தி போனது. அவர் லிஃப்டுக்குள் இருந்த முக்காலியை எடுத்துவிட்டு, எக்ஸ்பிரஸ் படுக்கும் அளவுக்கு ஒரு மெத்தையைப் போட்டார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "அக்காவுக்கும் நாய்க்கும் ஒரே வியாதி, ஒரே மாத்திரை. வித்தியாசம் என்னன்னா, நாய் நம்மளைத் திட்டாது."

"டேய் தம்பி, நாளையிலேருந்து உனக்குச் சோறு உன் லிஃப்டு போடும்" என்றார் வீட்டம்மா.

மாத்திரை கொடுப்பது அறிவிப்பாளரின் இலாகா. ஒவ்வொரு வேளையும் சமையலறை வாசலில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு பழைய ஒலிபெருக்கிக் குரலில் அறிவிப்பார்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மாத்திரை இன்னும் சற்று நேரத்தில் வாய்க்குள் வந்து சேரும்!" பயணி மாத்திரையைத் துப்பிவிடுவார். ஆகவே ரொட்டித் துண்டில் ஒளித்து வைத்து, மேலே வெண்ணெய் தடவித் தரும் ஏற்பாடு வந்தது.

ஒருநாள் காலை ஒளித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அறிவிப்பாளர் நாயை எழுப்பப் போனார். திரும்பி வந்தால் தட்டு காலி. மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரொட்டியில ஏதோ கடுக்குன்னு கடிபட்டுது. கல்லா?"

"கல்லு இல்ல மச்சான், தைராய்டு!" என்று அறிவிப்பாளர் தலையில் கை வைத்தார்.

அடுத்த நொடியே மச்சானுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கியது, கண் பிதுங்கியது, "அத்தான், எனக்கு வால் முளைக்கிற மாதிரி இருக்கு" என்றார். குடும்ப டாக்டருக்குப் போன் போட்டால் அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மாத்திரை, அதுவும் இப்பதான் முழுங்கினது, இவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் செய்யாது. தண்ணி குடிச்சுட்டு சும்மா உட்காரச் சொல்லுங்க. வேற ஏதாவது தெரிஞ்சா கூப்பிடுங்க" என்றார். மச்சான் உட்காரவில்லை. மத்தியானத்துக்குள் லிஃப்டின் கம்பிகள் அத்தனையையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, எல்லாம் மாத்திரையின் வேகம் என்றார். அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் அவரைத் தன் தட்டுப் பக்கம் விடவில்லை.

மாத்திரையை ஏற்ற இரண்டு முறை டாக்டரம்மாவிடம் போய்வந்தார்கள். வாரங்கள் போகப் போக, முதலில் முகத்தில் இருந்த சோகம் வடிந்தது. வேலை திரும்பக் கிடைத்தவன் முகம் வந்தது. ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் குடிபெயர்ந்தது. வாலில் பூனைமுடி போல ஒன்று எட்டிப்பார்த்தது. அறிவிப்பாளர் தெரு முழுக்க, "ஒரே ராத்திரியில பின்னல் போடுற அளவுக்கு முளைச்சிருச்சு" என்று பரப்பினார். ஆனால் தனியே இருக்கும்போது, நாய் தூங்கும் சமயம் பார்த்து, அதன் விலாவில் காதை வைத்துப் படுத்துக்கொள்வார். உள்ளே இருக்கிற வண்டி வருகிறதா, போகிறதா, சுருங்கியதா, சுருங்கவில்லையா, ஒன்றும் விளங்காது. எந்தத் தகவலும் எழுதித் தராமல் ஒலிபெருக்கி முன்னால் உட்கார வைத்ததுபோல் இருக்கும்.

மறு ஸ்கேன் பரிசோதனைக்கு இன்னும் சில நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது.

அறிவிப்பாளர் எக்ஸ்பிரஸைக் கீழே உலாத்தக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினார். அதே நேரம் மச்சான் கடையிலிருந்து வந்தார். கையில் சுட்ட கோழிப் பொட்டலம். அதன் வாசனை வாசலுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. "நீங்க அடுத்த தடவை வாங்க அத்தான், இந்தப் பொட்டலத்தோட இவனை உள்ள விட்டா எனக்கு எலும்புகூட மிஞ்சாது" என்று தனியாக லிஃப்டுக்குள் நுழைந்து, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது.

எக்ஸ்பிரஸ் கம்பிக்கு அப்பால் கோழி மேலே போவதைப் பார்த்தது. அறிவிப்பாளரைப் பார்த்தது. படிக்கட்டைப் பார்த்தது. கையிலிருந்த வார் சரேலென்று போய்விட்டது.

"எக்ஸ்பிரஸ்! வேண்டாம்டா! படி வேண்டாம்!" மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரல் அன்று படிக்கட்டின் இடுக்கில் சிக்கிக்கொண்டு கம்மியது. எந்தப் படியில் சாய்ந்து கிடக்கிறதோ என்று அறிவிப்பாளர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். முதல் மாடியில் இல்லை. இரண்டாம் மாடியில் இல்லை. மேலே எங்கேயோ நகங்கள் கடகடவென்று உருண்டு போகும் சத்தம். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது கேட்டது, உச்சியிலிருந்து ஒரு குரைப்பு. கணீரென்று. அதற்குப் பிறகு, பிறகுதான், லிஃப்டின் 'டிங்'.

எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை வைத்தே ஆயுள் முழுக்கப் பிழைப்பு நடத்திய காது அது. தப்பவே தப்பாது.

அவர் நாலாவது மாடிக்கு வந்து விழுந்தபோது, எக்ஸ்பிரஸ் லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் அதன் நெஞ்சில் கையை வைத்தார். வேகமாக, ஆனால் உறுதியாக, தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. தாளம் தப்பி அடித்தது அவருடையதுதான். லிஃப்டுக்குள் மச்சான் கதவைத் திறக்காமல், பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெளுத்துப்போய் நின்றார்.

"மச்சான்! பார்த்தீங்களா? பார்த்தீங்களா!"

மச்சான் நாயைப் பார்த்தார். லிஃப்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எதைப் பார்க்கணும்? இவன் முன்னாடியே இங்கதான் படுத்திருந்தான். நீங்க இவனைக் கீழ கூட்டிட்டே போகல."

"அடப்பாவி! கீழ வெச்சு எலும்பு மிஞ்சாதுன்னு சொன்னது யாரு?"

"கனவு கண்டிருப்பீங்க அத்தான். என் லிஃப்டை ஒரு நாய் முந்துறதாவது!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குளித்துக்கொண்டிருந்த வீட்டம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவ்வளவுதான், உலகத்தில் உண்மையைச் சொல்கிற ஒரே மனிதர் ஊரறிந்த புளுகர், பார்த்ததை மறுக்கிற ஒரே சாட்சி ஊரறிந்த யோக்கியர் என்று ஆகிவிட்டது. பால்காரரும் முடிதிருத்தும் கடைக்காரரும் மருந்துக்கடைப் பெண்ணும் யார் பக்கம் சாய்ந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

பரிசோதனை நாளன்று மச்சான்தான் வண்டி ஓட்டினார். இரண்டு பேரும் வழி நெடுகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் எக்ஸ்பிரஸ் இரண்டு பேர் தோளிலும் மாறி மாறித் தலையை வைத்துக்கொண்டு வந்தது. இந்த முறை நாயைத் தூக்கி மேஜையில் ஏற்ற ஒரு கை தேவைப்பட்டதால், மச்சானும் உள்ளே வந்தார்.

டாக்டரம்மா குழாய் வைத்தார். கருவியை உருட்டினார். திரையை அளந்தார். மறுபடியும் அளந்தார். 

"சுருங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. முதல்முறையாக அவர் சிரிப்பதைப் பார்த்தார்கள். "முழுசா இல்ல, ஆனா நல்லாவே சுருங்கியிருக்கு. தள்ளுற பலமும் வந்திருக்கு. தைராய்டுதான் படுத்தியிருக்குன்னு தோணுது. எல்லா நாய்க்கும் இப்படித் திரும்பிடாது சார். இதய மாத்திரையை மெல்லக் குறைச்சு நிறுத்திடலாமான்னு பார்க்கிறேன். ஆனா ஸ்கேனை மட்டும் நம்பிச் செய்ய மாட்டேன். இங்க படுத்துக் கொட்டாவி விடுறான். வீட்டுல எப்படி? ஓடினா மூச்சு வாங்குறானா? தள்ளாடுறானா? கூட்டாம குறைக்காம சொல்லுங்க. அதை வெச்சுத்தான் முடிவு."

"டாக்டரம்மா, லிஃப்டை முந்தி நாலு மாடி..."

"சார்." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "போன தடவை வால்ல பின்னல் போட்டேன்னீங்க. அதுக்கு முந்தின தடவை, என் பேரைச் சொல்லிக் குரைச்சான்னீங்க."

"அது கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். இது நிஜம்."

"அதையும் அப்படித்தான் சொன்னீங்க."

அறிவிப்பாளர் வாயை மூடினார். பிறகு வாழ்க்கையிலேயே செய்யாத ஒன்றைச் செய்தார். அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் குரலில், "ஏறினான் டாக்டரம்மா. மயங்கல" என்றார். அது இன்னும் பெரிய பொய்யாகக் கேட்டது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அப்ப மாத்திரை அப்படியே இருக்கட்டும். நிச்சயமாத் தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

அறிவிப்பாளர் திரும்பி மச்சானைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கும் மனிதர் அப்படிப் பேசாமல் நிற்பதை மச்சான் அதுவரை பார்த்ததில்லை.

மச்சான் எக்ஸ்பிரஸின் முதுகில் வைத்திருந்த கையை எடுக்காமலே ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த லிஃப்ட்ல அன்னிக்கு எந்தக் கோளாறும் இல்ல. கரண்ட்டும் சரியாத்தான் இருந்துச்சு. எண்ணெய் நானே போட்டது." தொண்டையைச் செருமினார். "முதல் மாடி தாண்டும்போது கம்பி வழியா வால் தெரிஞ்சுது. ரெண்டாவது மாடியில முழு நாயும் தெரிஞ்சுது, என்கூடவே வந்துச்சு. மூணாவதுல ஒண்ணும் தெரியல."

"ஏன்? நின்னுட்டானா?"

"இல்லம்மா. எனக்கு முன்னாடி போயிட்டான்."

"மேல போய் மூச்சு வாங்கினானா? தள்ளாடினானா?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கினது எனக்குத்தான், நான் லிஃப்ட்ல போயும்." மச்சான் அறிவிப்பாளர் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். "அத்தான் சொன்னது நடந்ததுதான் டாக்டரம்மா. முந்திட்டான்."